பணத்தைக் காயப் போட்டவள்

புதுச்சேரிப் பக்கம் நரம்பை என்கிற மீனவர் ஊரின் கரையில் ரூபாய் நோட்டை வெயிலில் காயப் போட்ட ஒரே பெண்பிள்ளை தனக்கொடிதான். ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சிரித்தவர்களில் ஒருவருக்காவது தபாலாபீஸில் கணக்கு இருந்ததா? கிடையாது. அவர்கள் பணமெல்லாம் சாராயக் கடையிலும் ஏலச்சீட்டிலும் மருமகன் கையிலும் போய்க்கொண்டிருந்தது. இல்லாத பணத்தைக் காய வைக்க வேண்டிய கவலை அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பாகூர்த் தெருவில் அவள் கூடை மீனைத் தின்று வளர்ந்தவன் நான். ஆகவே இந்தக் கதையில் நான் நடுவில் நிற்கப் போவதில்லை, அவள் பக்கம்தான்.

தனக்கொடியின் புருஷன் கலியன், அண்ணன் மகன் சம்மந்தத்தின் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். அவனுக்கு இரண்டு வருமானம். ஆளாகப் போனதற்கு ஒரு பங்கு, அவன் வலை போனதற்கு ஒரு பங்கு. நாலு வீட்டு வலைகளை ஒன்றோடொன்று முடிந்துதான் கடலில் இறக்குவார்கள். எது யாருடைய துண்டு என்று தெரிவதற்கு வீட்டுக்கு ஓர் அடையாளம் இருக்கும். கலியன் வீட்டுக்கு மஞ்சளில் தோய்த்த நூல். கரைக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, அவரவர் துண்டை அவரவர் மணலில் விரித்துக் காய வைக்க வேண்டும். பருத்தி நூல் வலை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். தன் பொருள் என்று ஒன்று இருந்தால் அதை அடிக்கடி எடுத்து, விரித்து, கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது இப்படித்தான் தனக்கொடியின் ரத்தத்தில் ஊறியது.

கடலுக்குப் போக முடியாத கிழவர்களுக்கும் அந்தக் கரையில் ஒரு வழி இருந்தது. கட்டுமரம் கரையேறும் நேரத்துக்குச் சின்னக் கூடையோடு போய் நின்றால், ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு கை மீன் அள்ளிப் போடுவார்கள். அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் தனக்கொடி கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய மாமனார் அப்படி நின்றதைப் பார்த்தாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். மரத்திலிருந்தவன் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே மீனை வீச, அது கூடையில் விழாமல் மணலில் விழுந்தது. கிழவர் குனிந்து எடுத்து, மணலைத் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டார். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அன்று தனக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. தன் புருஷன் ஒருநாளும் அந்த இடத்தில் போய் நிற்கக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

ஒரே மகள் சிந்தாமணியைக் கடலூர்ப் பக்கம் கொடுத்திருந்தார்கள். மகள் வீட்டில் போய்க் கை நனைத்துக்கொண்டு உட்காருவது கலியன் வம்சத்தில் வழக்கமில்லை. கலியனிடமோ வயசான காலத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. யாருக்கு வயசாகிறது என்று திருப்பிக் கேட்பான். மீசை நரைத்தபோது அது உப்புத் தண்ணியால் வந்தது என்றான். அதனால் இரண்டு பேருடைய வயசான காலத்தையும் அவள் ஒருத்தியே சுமந்தாள்.

முதலில் அவள் நம்பியது பானையைத்தான். மீன் விற்ற காசில் அவ்வப்போது மிஞ்சியதைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை இந்தியாவிடம் விட்டுக் கொடுத்தான். அவன் நோட்டு இனிமேல் செல்லுமா செல்லாதா என்று ஊர் குழம்பியது. செல்லும் என்றான் ஒருவன். மாற்ற வேண்டும் என்றான் இன்னொருவன். அடுப்பில் விறகு மாதிரி அடுக்கி எரிக்கலாம் என்றான் குடித்திருந்த மூன்றாமவன். தனக்கொடி புதுச்சேரிக்கு நடந்து, வரிசையில் நின்று, எப்படியோ மாற்றிக்கொண்டு வந்தாள். மாற்றி வந்தாளே தவிர நிம்மதி போய்விட்டது. யாரும் தொடாமல் பானைக்குள் சும்மா கிடந்த பணம், கிடந்த இடத்திலேயே காகிதமாகிவிடக்கூடும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது.

அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் புது சர்க்காரின் ஜீப் ஒன்று பாகூர்ச் சந்தைக்கு வந்து ஒலிபெருக்கியில் கத்தியது. பணத்தைத் தபாலாபீஸில் போடுங்கள், சர்க்கார் வட்டி தரும், வயசான காலத்துக்கு உதவும் என்றது. வயசான காலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தனக்கொடி கூடையை இறக்கினாள். வட்டி அவளுக்குத் தெரியாததல்ல. காலமெல்லாம் கொடுத்துப் பழக்கம். வாங்குவதுதான் புதுசு. சர்க்காருக்கே நாம் கடன் கொடுப்பதா, அதற்கு அவர்கள் நமக்கு வட்டி கட்டுவதா என்று அன்று முழுக்க அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மறுவாரம் போய்ப் பெருவிரல் வைத்துக் கணக்குத் தொடங்கினாள்.

பாகூரில் மீன் விற்றுவிட்டு, வெறுங்கூடையைத் தபாலாபீஸ் வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்டுவாள். நோட்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்திருப்பாள். பலபேர் பணத்தோடு சேர்ந்து போகிறதல்லவா, அடையாளம் வேண்டாமா?

சில மாசம் கழித்து அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பணம் அந்த இரும்புப் பெட்டிக்குள் சும்மா கிடந்தால் வட்டி எங்கிருந்து முளைக்கிறது? அப்போது இருந்த வயசான போஸ்ட்மாஸ்டரைக் கேட்டாள். அவர் தெரிந்த வரையில் பதில் சொன்னார். சர்க்கார் அதை வைத்து அணை கட்டுகிறது, ரோடு போடுகிறது என்றார். அணையில் இருக்கிற பணம் பெட்டியில் எப்படி இருக்கும்? தனக்கொடி உடனே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். கணக்கு மூடாமல் இருக்க இரண்டு ரூபாயை மட்டும் விட்டுவிட்டு மீதியை அவர் எண்ணிக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூட மஞ்சள் இல்லை.

இது தன் பணமில்லை என்றாள். பணத்துக்குப் பணம் ஒன்றுதான் அம்மா, எந்த நோட்டாயிருந்தால் என்ன என்றார் அவர்.

"அதெப்படி ஐயா? வலைக்கு வலை ஒண்ணுதான்னு ஊரான் வலைய எடுத்தாந்து எங்கூட்டு மணல்ல போட்டா, நான் வாங்கிக்குவனா?"

போஸ்ட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தன் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது, தன் கையில் இருக்கும் பணத்தை யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே தனக்கொடி வீடு வந்து சேர்ந்தாள். முறத்தில் நோட்டுகளைப் பரப்பி, பறக்காமல் இருக்கக் கிளிஞ்சலை வைத்து, வெயிலில் காய விட்டாள். ஒரு ராத்திரி மாரியம்மன் படத்தடியில் வைத்தாள். மறுநாள் காலையில் புது மஞ்சள் பொட்டோடு எடுத்துப் போய்த் திரும்பக் கட்டினாள். மனசு லேசாக இருந்தது.

அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அதே வேலை. அன்று மரங்கள் கடலுக்குப் போகாது. அவளுக்கும் கூடை இல்லை. எடுப்பாள், காய வைப்பாள், மறுநாள் கட்டுவாள். இப்படி எடுக்காதே அம்மா, கெட்டுவிடும் என்று அந்தப் பெரியவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். எடுக்காதே என்று சொல்கிறவனிடமிருந்துதான் முதலில் எடுத்தாக வேண்டும் என்பது மீன் விற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு தவறாமல் எடுத்தாள்.

நடுவில் அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு நூறு நயாபைசா என்று வந்தது. நாலணா கொடுத்தால் புத்தகத்தில் இருபத்தைந்து என்று எழுதினார்கள். வட்டி என்பது இதுதான் போலிருக்கிறது என்று தனக்கொடி பூரித்துப்போனாள். கொடுத்தது நாலு, ஆனது இருபத்தைந்து என்று கலியனிடம் பெருமையடித்துக்கொண்டாள். கலியன் அந்த இருபத்தைந்துக்கு ஒரு சுருட்டுக் கட்டு வாங்கி வரப் போனான். கடைக்காரன் பழைய நாலணாவுக்கு எத்தனை கொடுப்பானோ அத்தனைதான் கொடுத்தான். கூடிய இருபத்தொன்று எங்கே போயிற்று என்று புருஷனும் பெண்டாட்டியும் ரொம்ப நேரம் யோசித்தார்கள். விடை கிடைக்கவில்லை. சர்க்கார் கணக்கு என்று விட்டுவிட்டார்கள்.

அறுபத்தொன்றில் பழைய போஸ்ட்மாஸ்டர் மாற்றலாகிப் போய் மணவாளன் என்று ஒருவர் வந்தார். கடலூர்க்காரர், கொஞ்சம் முன்கோபி, ஆனால் எதையும் முழுசாக விளக்காமல் விடமாட்டார். அந்த வருஷம்தான் கலியனின் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. துடுப்பைத் தூக்கினால் கை பாதியில் நின்றுவிடும். சுளுக்கு, தானாகச் சரியாகும் என்றான். தனக்கொடி அதை நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவரப் பாகூருக்குப் போனாள்.

மணவாளன் புத்தகத்தைப் புரட்டினார், முன்னும் பின்னும் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மலிவான கவளை மீன்கூட ஒரு கூடை வாங்கக் காணாது.

"ஏம்மா, மாசாமாசம் எல்லாத்தையும் எடுத்துட்டு மறுநாள் கட்டியிருக்கியே, எதுக்கு?"

காய வைக்க என்றாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எழுந்து பலகைக்கு இந்தப் பக்கம் வந்து சொன்னார். மாசத்தில் எந்த நாள் ரொம்பக் குறைச்சலான பணம் இருக்கிறதோ, அந்தப் பணத்துக்குத்தான் மாசம் முழுக்க வட்டி. ஒரே ஒரு ராத்திரி இரண்டு ரூபாய்தான் இருந்தது என்றால், மாசம் பூராவும் இரண்டு ரூபாய்தான் இருந்தது என்று சர்க்கார் எடுத்துக்கொள்ளும். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது.

தனக்கொடி ஒன்று மட்டும் கேட்டாள்.

"மத்த நாளெல்லாம் எம் பணம் அங்கதான ஐயா வேல செஞ்சுது? அந்தப் பங்கு யாருக்குப் போச்சு?"

கடலுக்கு ஒருநாள் வராதவனுக்கு அந்த ஒருநாள் பங்கு இல்லை. மற்ற நாளின் பங்கை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். இது என்ன நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. ரூல் அப்படி அம்மா என்றார் மணவாளன்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிகிறது என்றுதான் தெரியவில்லை. பொருளைக் கவனிக்காதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. கவனித்ததுதான் குற்றம் என்றால் எதைத்தான் நம்புவது? வலையைப் பார்க்காமல் விட்டால் மக்குகிறது. பணத்தைப் பார்த்தால் மக்குகிறது. கலியனிடம் நடந்ததைச் சொன்னாள். இனிமேல் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது, பங்குனி முடிந்து வட்டி ஏறுகிற வரைக்கும் அதன் பெயரைக்கூட எடுக்கக் கூடாது, எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். கலியன் சரி என்றான். அவன் ஒன்றுக்குச் சரி என்றால் அதில் நிற்பவன். அதுதான் வினையாகப் போயிற்று.

அமாவாசை வந்தது. கை பரபரத்தது. வீட்டைப் பெருக்கினாள், பெருக்கின வீட்டையே திரும்பப் பெருக்கினாள், போகவில்லை. அடுத்த அமாவாசைக்கும் போகவில்லை. பணத்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி வாடைக் காற்றில் கலியனின் வலை பாறையில் சிக்கி நாலைந்து துண்டாகக் கிழிந்து வந்தது. தைக்கிற பதத்தில் இல்லை. வலைப் பங்கு நின்றது. கார்த்திகையில் தோள் முற்றிலும் முடங்கிவிட்டது. சம்மந்தம் தயங்கித் தயங்கி, கொஞ்ச நாள் கரையிலேயே இருங்க சித்தப்பா என்றான். ஆள் பங்கும் நின்றது. கடல் கொந்தளித்துக் கிடந்ததால் தனக்கொடிக்குக் கூடையும் இல்லை. மார்கழி முழுக்கக் கஞ்சியும் உப்பும்தான். கலியன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுளுக்கு விட்டதும் போய்விடுவேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். தனக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு பங்குனியை எண்ணினாள்.

தை பிறந்து கடல் அடங்கியது. மரங்கள் போய்வர ஆரம்பித்தன. தனக்கொடி ஏலத்தில் மீன் எடுக்க விடிந்ததும் கரைக்குப் போனாள். நல்ல மீன்பாடு அன்றைக்கு, கூட்டமும் கூச்சலும். அவள் ஒரு குவியலுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவள், யதேச்சையாகச் சம்மந்தத்தின் மரத்தின் பக்கம் திரும்பினாள். அங்கே கிழவர்கள் நாலு பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். கடைசியில் நின்றவன் கலியன்.

இடது கையில் கூடையைப் பிடித்திருந்தான். சம்மந்தம் தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு கை கூடுதலாகவே போட்டான். கலியன் வாங்கிக்கொண்டு ஒதுங்கி அடுத்த மரத்துக்குப் போனான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. தனக்கொடிக்குக் கேட்ட விலை மறந்துபோயிற்று. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"இன்னாய்யா பண்ற இங்க? இங்க நிக்கக் கூடாதுன்னுதானே இத்தன வருசமா சேத்தேன்?"

கலியன் அவளைக் குழம்பிப் போய்ப் பார்த்தான். அவனுக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நல்ல காரியம் செய்யும்போது ஏன் திட்டுகிறாள் என்ற குழப்பம்தான்.

"எடுத்தா வட்டி பூடும்னு நீதானே சொன்ன? பங்குனி வரைக்கும்தான. அதுவரைக்கும் நான் இப்டி சமாளிக்கிறேன், நீ பணத்தத் தொடாத."

அவன் அங்கே நின்றது அவளுடைய பணத்தைக் காப்பாற்றுவதற்காக. பணம் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் போட்டாள். அவன் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான். எங்கே, எந்த இடத்தில் இது தலைகீழாகத் திரும்பியது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை பார்த்தபோது கெடவில்லை, பார்க்காமல் விட்டபோதுதான் கெட்டதோ? இரண்டிலும் கெட்டதோ? கலியனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று மீன் விற்கப் போகவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகப் பாகூருக்குப் போனார்கள். கலியன் தபாலாபீஸுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வலது கையை உள்ளே நுழைக்கத் தனக்கொடி உதவ வேண்டியிருந்தது. உள்ளே மணியார்டர் கட்டவும் கவர் வாங்கவும் நாலைந்து பேர் நின்றார்கள். மணவாளன் அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இன்றைக்கு அமாவாசை இல்லையே அம்மா, திரும்பவும் எடுக்க வந்துவிட்டாயா, அவ்வளவு சொன்னேனே என்றார். பங்குனி முடிய எத்தனை நாள் இருக்கிறது, இப்போது எடுத்தால் பொறுத்ததெல்லாம் வீணாகுமே என்றார். அவர் அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னார். தனக்கொடி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற வழியெல்லாம் எடுத்துவிடுவது என்று உறுதியாக இருந்தவளுக்கு, அவர் சொன்னதும் அந்த உறுதி ஆட்டம் கண்டது. பழையபடி எல்லாம் குழம்பியது.

"ஐயா, இது வயசான காலத்துக்குன்னு போட்ட பணம். முன்ன எடுத்தேன், தப்புன்னீங்க. எடுக்காம இருந்தேன், அதுவும் தப்பாப் பூட்டுது. அந்தக் காலம் வந்துட்டுதுன்னு யாரு ஐயா சொல்லுவாங்க? சர்க்கார் ஆள் அனுப்புமா?"

அவளுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றிருந்த கலியன் நகர்ந்து முன்னால் வந்தான். வலது தோளை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

"நான் சொல்றேன் தனக்கொடி. வந்துட்டுது. எடு."

மீசை நரைத்ததைக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன், முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தனக்கொடிக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்க்காமல் அழுதாள். அழுதுகொண்டே பெருவிரலை மணவாளன் பக்கம் நீட்டினாள்.